மைக் ஆபீஸ் சுவரில் நிற்பவர்கள்

“யாரத் தொலைச்சீங்க?” என்றார் ஆட்டோக்காரர்.

நான் யாரையும் தொலைக்கவில்லை. தொலைந்துகொண்டிருந்தது நான்தான். திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மடியில் தூரிகைப் பை, காலடியில் பெட்டி. என்னை வேலைக்குக் கூப்பிட்ட தினேஷ் அனுப்பிய முகவரியில் ‘மலையடி கைத்தொழில் கூடம்’ என்று இருந்தது. அப்படி ஓர் இடத்தை ஆட்டோக்காரர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. செங்கம் ரோட்டில் கொஞ்சம், கிரிவலப் பாதையில் கொஞ்சம் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். மலை ஒருமுறை வலப்பக்கம் வந்தது, ஒருமுறை இடப்பக்கம் வந்தது. கடைசியில் தினேஷைப் போனில் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு வார்த்தை கேட்டதும் பிரேக் போட்டார்.

“அட, மைக் ஆபீசுங்களா! மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“யாரையும் தொலைக்கலங்க. சுவருக்குப் படம் எழுத வந்திருக்கேன்.”

அவர் வண்டியைத் திருப்பினார். என்னை இறக்கிவிட்டு, மீதிச் சில்லறையைக் கையில் திணித்துவிட்டு, கட்டடத்தின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் போய்விட்டார்.

மலேசியாவில், ஈப்போவில் நான் கடைப் பலகை எழுதுகிறவள். கணினியில் அச்சடித்த பலகைகள் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்ட பிறகு சுவர்களுக்கு மாறினேன். எங்கள் ஊரில் மூடிப்போன மருத்துவமனை, மூடிப்போன சினிமா கொட்டகை எல்லாம் இப்போது காப்பிக் கடைகள். அவற்றின் வெளிச்சுவரில் ஆள் உயரத்துக்குப் படம் எழுதினால் அதன் முன்னால் நின்று செல்பி எடுக்கச் சனம் வரும். அப்படி வந்து எடுத்துக்கொண்டவர்களில் ஒருவன்தான் தினேஷ். சென்னைப் பையன், முப்பது வயதிருக்கும். பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களைக் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, உள்ளூர்க் கைத்தொழில்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் விடுவது அவன் வேலை. சனிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கே திறப்பு. அதற்குள் சுவரை முடிக்க வேண்டும் என்று என்னை வரவழைத்திருந்தான்.

கட்டடம் ஒரே தளம். கிரிவலப் பாதையைப் பார்த்து நீளமாக நின்றது. வெளிச்சுவர் முழுக்க மஞ்சள்; பல வருஷம் வெயிலில் கிடந்த மஞ்சள். மொட்டை மாடியில் நான்கு திசைக்கும் நான்கு ஸ்பீக்கர் குழாய்கள் துருப்பிடித்து நின்றன. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

“தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டத்துல காணாமப் போறவங்க பேரை இங்கேருந்துதான் மைக்ல சொல்வாங்களாம், அக்கா. அப்புறம் அந்த வேலை வேற எடத்துக்குப் போயிடுச்சு. ஒன்பது வருஷமா பூட்டு. வௌவால்தான் குடியிருந்துச்சு” என்றான் தினேஷ், உற்சாகமாக.

இப்போது எட்டு அறையிலும் எட்டுத் தொழில். கடலை எண்ணெயில் சோப்பு காய்ச்சுகிறவர்கள், சிறுதானிய பிஸ்கட் சுடுகிறவர்கள், மூங்கிலில் விளக்கு செய்கிறவர்கள். மூன்றாம் அறையில் துணிப்பை தைக்கும் கஸ்தூரி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இடம் காலியென்று தெரிந்ததும் முதல் ஆளாக வந்து அறை கேட்டவள் அவள்தானாம். எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் ஜன்னலோரம் இருந்தது. துணியைத் தள்ளிக்கொண்டே போனாள். கண் மட்டும் ஊசியில் இல்லை, வெளியே பாதையில் இருந்தது. தையல் கோணலாகப் போவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் ஊசி ஏறிவிடுமே என்று எனக்கு இருந்தது.

புதன்கிழமை காலை பக்கத்துக் கடையில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி கொடுத்தார்கள். ஈப்போவில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பை நான் இத்தனை நாள் தெய்வமாகக் கும்பிட்டது தப்பு என்று தெரிந்தது. ஆறு இட்லி சாப்பிட்டேன். ஏழாவதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அந்தத் தெம்போடு போய்ச் சுவரை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

சுவரின் முழு நீளத்துக்கும் கறுப்புக் கறைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஆள் உயரத்தில், ஒரு கை தூரத்துக்கு ஒன்றாக வரிசை பிடித்திருந்தன. சில சற்று உயரம், சில தாழ்வு. மூக்கை வைத்துப் பார்த்தேன். தேங்காயெண்ணெய். தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய். அதற்குக் கீழே தோள் பட்ட இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேர் சுவரோடு சுவராக நின்று என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை. பட்டப்பகல், நல்ல வெயில். எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

நான் பயந்த சுபாவக்காரி இல்லை. சாரம் கட்டி மூன்றாம் மாடியில் தொங்கியபடி எழுதியவள். அடிப்பூச்சுக்கான பிரைமர் வாளியைத் திறந்து வெள்ளையை அடிக்க ஆரம்பித்தேன். தினேஷ் கேட்டது வான நீலப் பின்னணி, நடுவில் மலை, மேலே பறக்கும் ஓர் இருவாச்சிப் பறவை. திருவண்ணாமலையில் இருவாச்சி எதற்கு என்று கேட்டேன். “ஒரு இன்டர்நேஷனல் டச் இருக்கட்டுமே” என்றான். நான் வெள்ளையைத் தொடர்ந்து அடித்தேன்.

ஆறில் ஒரு பங்கு சுவரும் ஏழு தலைக் கறையும் மறைந்திருந்தன. ஏணியிலிருந்து குனிந்து பார்த்தபோது, ஈரம் காயாத இடத்தில் ஓர் அம்மாள் சுவரில் முதுகையும் தலையையும் சாய்த்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பாதையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

“அம்மா, பெயின்ட் ஒட்டிக்கும், தள்ளி நில்லுங்க” என்றேன்.

தள்ளவில்லை, திரும்பவும் இல்லை. பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்: “கட்டையா இருப்பா. எடது கைல முனியம்மான்னு பச்ச குத்தியிருக்கும். பச்ச சீலதான் கட்டினு இருந்தா.”

“யாரு?” என்றேன். நான் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் போய்விட்டாள். வெள்ளையடித்த முதுகோடு பாதையில் தூரத்தில் நடந்துபோனாள். அன்று மாலை நான் தங்கியிருந்த விடுதி அறைக்குத் திரும்பும்போது, எதிரே வந்த பெண்களின் இடது கைகளையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று பாதி வழியில்தான் உறைத்தது. என்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழன் காலை தலைகள் திரும்பி வந்திருந்தன.

எண்ணெய்க் கறைமேல் தண்ணீர் கலந்த பிரைமர் அடித்தால் கறை ஊறி மேலே வரும். எந்தப் பெயின்டருக்கும் தெரிந்த விஷயம் இது, அவசரத்தில் நான்தான் கோட்டை விட்டேன். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எண்ணினேன். மறைத்தது ஏழு. வெள்ளைக்கு மேல் பழுப்பாக எழுந்திருந்தது எட்டு. இன்னொரு தடவை எண்ணினேன். எட்டுதான். எட்டாவதன் கிட்டே போனபோது அதில் ஒரு நீள நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று வந்தவள் தலை சாய்த்த இடம். தெரிந்த பிறகும் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

“மறையாதுக்கா” என்றது ஒரு குரல். கஸ்தூரி டீயோடு பின்னால் நின்றிருந்தாள்.

முந்தின நாள் வந்த அம்மாள் சொன்னதை அவளிடம் சொன்னேன். கஸ்தூரிக்கு அது அதிசயமாகவே படவில்லை.

“அடையாளம் சொல்லியிருக்காங்க. இந்தச் செவுத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அடையாளம் சொல்லணும். அவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லுவாங்க. அப்பதான நாப்பது பேரும் நாப்பது பேருக்கும் பாக்க முடியும்? நீங்க செவுத்துகிட்ட இருந்தீங்க, அதான் உங்களாண்ட சொல்லியிருக்காங்க.”

“மைக்தான் நின்னு போச்சே, இன்னுமா வர்றாங்க?”

“மைக் இப்ப வந்ததுக்கா. செவுரு அதுக்கும் முன்ன. எங்க பக்கத்து ஊருங்க எல்லாத்துலயும் கிளம்பச்சொல்லவே சொல்லித்தான் கூட்டினு வருவாங்க, கை விட்டுப் போச்சுன்னா மஞ்ச செவுத்துகிட்ட வந்து நில்லுன்னு. நிக்கணும். உக்காரக் கூடாது. உக்காந்தா கூட்டத்துல தெரிய மாட்டோம். பேசவும் கூடாது, பேசினா கண்ணு அங்க இங்க போயிடும். அன்னிக்கே கெடைக்கிறவங்கதான் ஜாஸ்தி. கெடைக்காதவங்க அடுத்த பௌர்ணமிக்கு வருவாங்க. சில பேரு வந்துனே இருப்பாங்க.”

அந்த அம்மாள் அடையாளம் சொன்ன பச்சைச் சேலை நினைவுக்கு வந்தது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் கட்டியிருந்த சேலையோ!

“நீ யாருக்கு நிக்கிறே, கஸ்தூரி?” என்று கேட்டேன். பாதையைப் பார்க்கும் அந்தக் கண்களுக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் பிடிபட்டது.

“எங்க அண்ணன், ஏழுமல. தீபத்துக்கு வந்தோம். பன்னெண்டு வருஷம் ஆவுது. கூட்டம் தள்ளுச்சு, கை நழுவிப் போச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். மூணு நாளு இதே மைக்குல அவன் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க, எங்கிருந்தாலும் மைக் ஆபீசுக்கு வரவும்னு. நான் கீழ நின்னு கேட்டுனே இருந்தேன்.” டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவனுக்குக் காது கேக்காதுக்கா. பொறந்ததுலேருந்து பேச்சும் கெடையாது. எழுதப் படிக்கவும் தெரியாது. இந்த மஞ்சக் கலரு ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும்.”

என் தூரிகையிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏண்டி மொதல்லயே சொல்லல?” என்று கத்திவிட்டேன். கோபம் அவள்மேல் இல்லை.

“சொன்னா ரூம் தர மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். ரூம் இல்லன்னா பௌர்ணமிக்குத்தான் வர முடியும். ரூம் இருந்தா தெனமும் பாக்கலாம் இல்லீங்களா?”

வெள்ளிக்கிழமை காலை எனக்குச் சுவர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. ரமணாசிரமம் பக்கம் ஒரு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். பழமும் தயிரும் தானியமும் கலந்த ஒரு கிண்ணம் வந்தது. புதன்கிழமை தின்ற இட்லியின் விலைக்கு ஐந்து மடங்கு. அடுத்த மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். “நான் இங்கே தொலைந்துபோகத்தான் வந்தேன்” என்றாள் ஒருத்தி, நிம்மதியாக. “என்னை யாரும் தேடவே கூடாது.” மற்றவள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கிண்ணத்தைக் காலி செய்ய முடியவில்லை.

ஈப்போவில் நான் மூடிய சுவர்களை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பழைய மருத்துவமனைச் சுவரில் சைக்கிள் ஓட்டும் கிழவரை எழுதினேனே, அதற்கு முன்னால் அங்கே யார் சாய்ந்து நின்றிருந்தார்கள்? நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அது போதுமாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பிப் போனதும் தினேஷிடம் சொல்லிவிட்டேன்: நீலம் கிடையாது, இருவாச்சியும் கிடையாது.

அவன் முகம் சுருங்கிவிட்டது. “அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது எட்டுக் குடும்பம் பிழைக்கிற இடம். துக்க வீடு மாதிரி இருந்தா யாரு உள்ள வந்து பை வாங்குவாங்க, சோப்பு வாங்குவாங்க? கஸ்தூரி அக்காவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். “நீ உள்ளே எதை வேணும்னாலும் மாத்திக்கோ. வாசல்ல நல்ல பலகை எழுதித் தர்றேன், உன் பிஸ்கட்டெல்லாம் தெரியற மாதிரி. சுவரை விடு” என்றேன். “விட மாட்டேன்னா நீயே ஏணியில ஏறு.” அவன் கோபித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளையடித்த பகுதிக்கு அந்தப் பழைய மஞ்சளைக் கலந்து பிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. புது மஞ்சள் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. கொஞ்சம் காவி, கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் தேநீர்த் தூள் வடிசல் எல்லாம் விட்டு வெயிலின் வேலையை நான் செய்தேன். தலைக் கறைகளை மட்டும் வரையவில்லை. அவை தாமாகவே வந்துகொள்ளும்.

கஸ்தூரி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்க அண்ணன் உன்னை எப்படிக் கூப்பிடுவார்?” என்று கேட்டேன்.

அவள் இரண்டு கையையும் முட்டியாக மடக்கிக் காதோரம் வைத்துக் கீழே இழுத்துக் காட்டினாள். “ரெட்ட ஜட. சின்னதுல எனக்கு ரெட்ட ஜட போடுவாங்க. அவன் வெச்ச பேரு அதான். கல்யாணம் ஆயி கொண்ட போட்டப்புறமும் அதே பேருதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அங்கே போனதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்படியே நிற்கச் சொன்னேன். இரண்டு கறைகளுக்கு நடுவே, ஓர் ஆள் நிற்கும் இடத்தில், அவளை அவள் உயரத்துக்கே எழுதினேன். பாதையைப் பார்த்து நின்று, இரண்டு கை முட்டியையும் காதோரம் வைத்திருக்கும் கஸ்தூரி. முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு சிறிய படத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. இருட்டுவதற்குள் முடித்தேன். முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது, அவள் எங்கே, படம் எங்கே என்று ஒரு கணம் எனக்கே தடுமாறிற்று.

சனிக்கிழமை, பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் பிடித்த ஆட்டோவும் பாதி வழியில் மறிக்கப்பட்டது. மீதி தூரத்தைக் கூட்டத்தோடு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வதைவிட, கொண்டுபோகப்பட்டேன். செருப்பில் ஒன்று எங்கோ போயிற்று. போனில் சிக்னல் இல்லை. கைப்பிடி நழுவினால் அவ்வளவுதான் என்பது எனக்குக் காலால் புரிந்தது.

திறப்பு விழா கால் மணி நேரத்தில் முடிந்தது. ஓர் அதிகாரி ரிப்பன் வெட்டினார். தினேஷ் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒரு நீள பெஞ்சு கொண்டுவந்து சுவரோரம் போட்டிருந்தான். “நிக்கிறவங்க உக்காரட்டும்” என்று காற்றைப் பார்த்துச் சொன்னான். நல்ல மனசுதான், விஷயம்தான் அவனுக்குப் புரியவில்லை. நான் திருத்தவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டத்திலிருந்து பிரிந்து வருவார்கள், சுவரில் முதுகைக் கொடுப்பார்கள், பக்கத்து ஆளிடம் தலையைத் திருப்பாமல் ஏதோ சொல்வார்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த முணுமுணுப்பு சுவரோடு நகர்ந்து போகும். பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. அதில் பைகள் உட்கார்ந்திருந்தன. என் படத்துக்கு இரண்டு பக்கமும், மனுஷிக்கு விடுவதைப் போலவே ஒரு கை தூரம் விட்டு நின்றார்கள். ஓர் ஆள் அதனிடமும் அடையாளம் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். பாதையில் ஆயிரம் பேர் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தச் சுவர் மட்டும் நாற்பது ஜோடிக் கண்ணோடு சும்மா இருந்தது.

கணவனைத் தவறவிட்ட ஒரு பெண்ணை அவன் வந்து கூட்டிப் போனான். வந்ததும் அவளைத் திட்டினான், திட்டிக்கொண்டே அழுதான். சுவரில் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அவர்கள் விட்ட இடத்தை அடுத்த ஆள் நிரப்பினார்.

நாலு மணி சுமாருக்குக் கஸ்தூரி என்னிடம் வந்தாள். “அது நிக்குதுல்லக்கா. நான் கொஞ்சம் உக்காந்து தைக்கிறேன். இன்னிக்கு ரெண்டு பேரு பை கேட்டிருக்காங்க” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பௌர்ணமிக்குக்கூட அவள் உட்கார்ந்ததில்லை. உள்ளே போனாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. இந்த முறை சத்தம் தடங்கல் இல்லாமல் நேராக ஓடியது. ஊசியைப் பார்த்துத் தைக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பத்து நிமிஷம் இருக்கும். சத்தம் நின்றது. கஸ்தூரி வெளியே வந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கை தூரம் விட்டுச் சுவரில் முதுகைக் கொடுத்தாள்.

“என்னாச்சு?” என்றேன்.

“அவன் அதப் பாத்துருவான்கா” என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதால அவனப் பாக்க முடியாதே.”

கையில் இருந்த டீயை பெஞ்சில் வைத்துவிட்டு அவளுக்கு மறுபக்கம் போய் நின்றேன். ஒற்றைச் செருப்போடு, தலையைச் சுவரில் சாய்த்தேன். சுவர் சூடாக இருந்தது. என் பக்கத்தில் தோளில் துண்டு போட்ட ஒரு விவசாயி நின்றிருந்தார். அவர் திரும்பாமலே கேட்டார்.

“யாருங்க?”

“ரெண்டு பேருங்க” என்றேன். “ஒருத்தர் அண்ணன். காது கேக்காது, பேச்சு வராது. ரெண்டு கை முட்டியையும் காதோரம் வெச்சு இழுத்துக் காட்டுவார். இன்னொருத்தர் கட்டையா இருப்பாங்க. இடது கையில முனியம்மான்னு பச்சை குத்தியிருக்கும்.”

அவர் தலையசைத்தார். அடுத்த ஆளிடம் சொன்னார். அந்த ஆள் அதற்கடுத்த ஆளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. நான் பாதையைப் பார்க்க ஆரம்பித்தேன்.